மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையும் திறனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வோல்ட், ஆம்பியர் என்ற இரண்டு எண்களிலிருந்து ஓமையும் வாட்டையும் கண்டுபிடிக்க ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். கணக்கு தப்பாகிப் போவது பெரும்பாலும் அங்கே இல்லை. எடுத்த இரண்டு எண்ணும் ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்துக்கு உரியவைதானா என்று பார்க்காமல் விடுவதில்தான் தப்பாகிறது. கீழே உள்ள பதில்களில் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். வேறு வோல்ட் சொல்லாத இடங்களில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறேன்.

கையில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கின்றன. மின்தடையையும் திறனையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்.

ஒரு அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். '230 வோல்ட், 1000 வாட்' என்று அதில் அச்சடித்திருக்கிறது. சூடேறிக்கொண்டிருக்கும்போது அளந்தால் சாக்கெட்டில் 222 வோல்ட், வயரில் 4.2 ஆம்பியர். 222 ÷ 4.2 = 52.9 ஓம். 222 × 4.2 = 932 வாட்.

1000 வாட் என்று போட்டுவிட்டு 932 வாட்தானா, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்கத் தோன்றும். அச்சடித்த 1000 வாட் 230 வோல்ட்டுக்கு உரியது. அந்த எண்களை வைத்து மின்தடையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம். அளந்து கிடைத்ததும் அதே 52.9 ஓம்தான். ஆகவே உள்ளே இருக்கும் எலிமென்ட், அதாவது சூடேறும் கம்பி, சரியாகவே இருக்கிறது. அன்றைக்கு லைனில் 8 வோல்ட் குறைவு, அவ்வளவுதான். ஒரு பொருளைக் குறை சொல்லும் முன் வாட்டைப் பார்க்காமல் ஓமைப் பார்ப்பது நல்லது. லைன் வோல்ட்டேஜ் நேரத்துக்கு நேரம் மாறும், எலிமென்ட்டின் ஓம் அப்படி மாறாது.

திறனுக்கு மூன்று சூத்திரம் சொல்கிறார்களே, எதை எப்போது போடுவது?

மூன்றும் ஒன்றுதான். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். அதில் மின்னழுத்தத்துக்குப் பதிலாக 'மின்னோட்டம் × மின்தடை' என்று போட்டால், திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை. மின்னோட்டத்துக்குப் பதிலாக 'மின்னழுத்தம் ÷ மின்தடை' என்று போட்டால், திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை.

வயர், சாக்கெட், ஜாயின்ட் சூடாவதைக் கணக்கிட ஆம்பியர் வர்க்கம் உள்ளதைப் போடுங்கள். அங்கே நமக்குத் தெரிந்தது ஓடும் ஆம்பியர்தான். சாக்கெட்டில் நேராக மாட்டும் ஹீட்டருக்கு வோல்ட் வர்க்கம் உள்ளது வசதி. தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: மில்லி ஆம்பியரையும் கிலோ ஓமையும் முதலிலேயே ஆம்பியர், ஓம் என்று மாற்றிவிடுங்கள். 20 மில்லி ஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர். விடை ஆயிரம் மடங்கு தவறினால் காரணம் பெரும்பாலும் இதுவே.

பொருளின் மேல் வாட் மட்டும்தான் இருக்கிறது. ஆம்பியர் எவ்வளவு எடுக்கும்?

வாட்டை வோல்ட்டால் வகுக்க வேண்டும். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் 8.7 ஆம்பியர், 1500 வாட் இம்மெர்ஷன் ராடு 6.5 ஆம்பியர், 3000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13 ஆம்பியர். நம் வீடுகளில் சிறிய சாக்கெட் 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 1500 வாட் ராடைச் சிறிய சாக்கெட்டில் மாட்டக் கூடாது என்பதற்கு இந்த ஒரு வகுத்தலே பதில். அரை ஆம்பியர்தானே கூடுதல் என்று விட்டால், அந்தச் சாக்கெட் தினமும் அரை மணி நேரம் அளவுக்கு மீறிச் சூடாகும்.

கணக்கில் 529 ஓம் வரவேண்டிய 100 வாட் குண்டு பல்பு, மல்டிமீட்டரில் 40 ஓம் அளவுக்குத்தான் காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரி. மீட்டர் காட்டியது அணைந்து ஆறிப்போன பல்பின் மின்தடை. கணக்கில் வந்தது எரியும் பல்பின் மின்தடை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும், அதன் மின்தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். அதனால்தான் சுவிட்ச் போடும் நொடியில் மின்னோட்டம் பல மடங்கு பாய்ந்து, பிறகு அடங்குகிறது. பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட சுவிட்ச் போட்டவுடன் போனதே அதிகம் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் இவற்றில் இருப்பது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி. அதன் மின்தடை சூட்டால் கொஞ்சம்தான் மாறும். எனவே ஆறியிருக்கும்போது மல்டிமீட்டரில் பார்த்த ஓமை நம்பிக் கணக்குப் போடலாம். எதை அளந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தொட்டால் மீட்டர் போகும், கையும் போகலாம்.

வோல்ட்டேஜ் குறைந்தால் ஆம்பியர் கூடுமா, குறையுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே.

வாக்குவாதம் ஓயாத கேள்வி இது. இருதரப்பும் பாதி சரி. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் பேசுவதால் வரும் சண்டை.

ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், குண்டு பல்பு போன்றவற்றில் வோல்ட்டேஜ் குறைந்தால் ஆம்பியரும் குறையும். திறன் அதைவிட வேகமாகக் குறையும். 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் வோல்ட் 22 விழுக்காடுதான் குறைவு. ஆனால் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 612 வாட்டாக இறங்கிவிடும், ஏனென்றால் 180 × 180 ÷ 52.9. சாயந்திரம் வோல்ட்டேஜ் இறங்கும் ஊர்களில் தண்ணீர் சுட ஏன் இவ்வளவு நேரம் என்பதற்குக் காரணம் இது.

எல்.ஈ.டி. பல்பின் டிரைவர், லேப்டாப் சார்ஜர், டிவி ஆகியவை வேறு வகை. தமக்குத் தேவையான வாட்டை எப்படியாவது எடுத்துக்கொள்ளும்படி அவற்றின் உள்சுற்று அமைந்திருக்கிறது. வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும்.

மோட்டாரும் இந்தப் பக்கம்தான். கிணற்று நீரை அதே உயரத்துக்குத் தள்ள வேண்டிய வேலை குறையவில்லை. வோல்ட் மட்டும் குறைந்தது. மோட்டார் சற்று வேகம் இழந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும். 7 ஆம்பியர் இழுத்த மோட்டார் 9 ஆம்பியர் இழுத்தால், சுற்றுக் கம்பியில் உண்டாகும் வெப்பம் 9 × 9-ஐ 7 × 7-ஆல் வகுத்தால் வரும் அளவு, அதாவது ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். வேகம் குறைந்ததால் அதைக் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது. லோ வோல்ட்டேஜில் மோட்டார் 'எரிந்துபோச்சு' என்று சொல்வதன் உள்ளே நடப்பது இதுவே. சுற்றவே முடியாமல் நின்றுவிட்டால் இன்னும் மோசம், வழக்கமான ஆம்பியரைப் போல ஐந்தாறு மடங்கு ஓடும். அதனால் மோட்டாருக்கு, ஆம்பியர் அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே கட்டாயம் வேண்டும் என்பேன். காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம்.

மோட்டாருக்கும் வோல்ட் × ஆம்பியர் போட்டால் வாட் வந்துவிடுமா?

வராது. மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கி வரும். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வோல்ட்-ஆம்பியர். அந்தப் பின்தங்கலுக்கு ஏற்ப ஒன்றுக்குக் குறைவாக இருக்கும் எண்ணான திறன் காரணியால் (பவர் ஃபேக்டர்) அதைப் பெருக்கினால்தான் வாட். 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் எடுக்கும் 1 குதிரைத்திறன் மோட்டார் என்றால் 1610 வோல்ட்-ஆம்பியர். திறன் காரணி 0.75 என்றால் ஏறக்குறைய 1200 வாட். அச்சில் வேலையாகக் கிடைப்பது 746 வாட். மீதி வெப்பமாகவும் உராய்வாகவும் போகிறது. மோட்டாரின் பெயர்ப்பலகையில் போட்டிருப்பது அச்சில் கிடைக்கும் திறன், மீட்டரில் ஓடுவது அதைவிட அதிகம். பில்லைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மோட்டார் காயிலின் ஓமை அளந்து 230-ஐ அதனால் வகுத்து ஆம்பியர் கண்டுபிடிக்கவும் முடியாது. காயிலில் சில ஓம்தான் காட்டும். வகுத்தால் எழுபது, எண்பது ஆம்பியர் என்று வரும். சுற்றும் மோட்டார் தன்னுள்ளே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் அவ்வளவு ஓடுவதில்லை.

மும்முனை மோட்டாருக்கு?

1.732 × வோல்ட் × ஆம்பியர் × திறன் காரணி. 415 வோல்ட், 7.5 ஆம்பியர், திறன் காரணி 0.82 என்றால் சுமார் 4420 வாட். வயலில் இருக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய இப்படித்தான் எடுக்கும்.

வயரை அறுக்காமல் ஆம்பியரை எப்படி அளப்பது?

கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். இரண்டு வயரையும் சேர்த்து அதன் வளையத்துக்குள் விட்டால் பூஜ்யம் காட்டும். போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஃபேஸ் வயரை மட்டும் தனியே விட வேண்டும். மல்டிமீட்டரை 230 வோல்ட் லைனில் தொடராக இணைத்து அளக்கும் வேலையை, பழக்கம் இல்லாதவர்கள் செய்யவே வேண்டாம்.

வயரையே தொடாமல் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டு எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பதை மீட்டர் முகத்திலேயே அச்சடித்திருப்பார்கள். 3200 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அயர்ன் பாக்ஸை மட்டும் போடுங்கள். ஒரு சிமிட்டலில் தொடங்கி அடுத்த பத்தாவது சிமிட்டல்வரை 12 நொடி ஆனால், 10 × 36,00,000 ÷ (3200 × 12) = 937 வாட். மேலே அளந்து கிடைத்த 932 வாட்டுக்கு இது எவ்வளவு நெருக்கம் பாருங்கள். அதை 222 வோல்ட்டால் வகுத்தால் 4.2 ஆம்பியர். இந்த வழியில் மோட்டாருக்கும் உண்மையான வாட் கிடைக்கும், திறன் காரணியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஏன் சூடாகிறது? பிளக் ஏன் கருகுகிறது?

வயருக்கும் மின்தடை உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃபிளெக்ஸிபிள் வயருக்குக் கிலோமீட்டருக்கு 19.5 ஓம். 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் என்றால் போக 30, வர 30, ஆக 60 மீட்டர்; பலரும் திரும்பி வரும் வயரை மறந்துவிடுவார்கள். 60 மீட்டருக்கு 1.17 ஓம். அதன் முனையில் 2000 வாட் ஹீட்டர், அதாவது 26.45 ஓம், மாட்டினால் மொத்தம் 27.62 ஓம். ஓடுவது 8.33 ஆம்பியர். வயரில் மட்டும் 8.33 × 8.33 × 1.17 = 81 வாட் வெப்பம். சாக்கெட்டில் 230 வோல்ட் இருந்தும் ஹீட்டரின் முனையில் 220 வோல்ட்தான் கிடைக்கும். சாக்கெட்டில் வோல்ட்டை அளந்து அதை ஹீட்டரின் வோல்ட் என்று கணக்கில் போட்டால் ஓம் தப்பாக வருவது இதனால்தான்.

அந்த 81 வாட் 30 மீட்டர் நீளத்தில் பரவிக் கிடந்தால் தொட்டால் லேசான சூடுதான் தெரியும். வயரை உருளையில் சுற்றியபடியே வைத்து ஓட்டினால் அத்தனை வெப்பமும் உள்ளே அடைபட்டு இன்சுலேஷன் உருகும். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்று பந்தல் லைட் போடுகிறவர்கள் தயவுசெய்து வயர் முழுவதையும் விரித்துப் போட்ட பிறகே லோடு கொடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் இந்த 81 வாட் 35 வாட்டாகக் குறைந்துவிடும்.

பிளக் கருகுவது இதைவிட ஆபத்து. தளர்ந்த சாக்கெட்டில் பின் சரியாகக் கவ்வாமல் அரை ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் இல்லாமல் அதே ஹீட்டரை அதில் நேராக மாட்டினால் ஓடும் 8.5 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 36 வாட் வெப்பம் உண்டாகும். ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்னே 25 வாட்தான். பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறம் தெரிந்தால், கருகல் வாடை வந்தால், ஹீட்டரை மாற்றாதீர்கள், சாக்கெட்டை மாற்றுங்கள். ஆம்பியர் அளவு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. இதைக் கண்டுபிடித்து விழாது. ஆம்பியர் கூடவில்லையே, துளி குறைந்துதான் இருக்கிறது.

12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டருக்குப் பதில் 12 வோல்ட் 5 ஆம்பியர் போட்டால் மோடம் போய்விடுமா?

போகாது. அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர் அதனால் தரக்கூடிய உச்ச அளவு. எவ்வளவு ஓட வேண்டும் என்பதை மோடம் முடிவு செய்கிறது. வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், பின்னின் பிளஸ் மைனஸ் திசை ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறைவாக இருந்தால்தான் அடாப்டர் சூடாகிச் சாகும்.

12 வோல்ட்டில் ஒரு சிறிய எல்.ஈ.டி. எரிய எத்தனை ஓம் ரெசிஸ்டர்?

சிவப்பு எல்.ஈ.டி. 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், 20 மில்லி ஆம்பியர் போதும். ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 10 வோல்ட். 10 ÷ 0.02 = 500 ஓம். கடையில் 470, 560 என்றுதான் கிடைக்கும்; 560 வாங்குங்கள், வெளிச்சத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 12-ஐ நேராக 0.02-ஆல் வகுத்து 600 என்று போடுவது பொதுவாக நடக்கும் தவறு. ரெசிஸ்டருக்குக் குறுக்கே இருக்கும் வோல்ட்டைத்தான் ரெசிஸ்டரின் கணக்கில் போட வேண்டும். அதில் வெப்பமாகப் போவது 0.18 வாட், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், மூடிய பெட்டிக்குள் என்றால் அரை வாட் போடுங்கள்.

60 வாட், 100 வாட் பல்புகளைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்?

60 வாட். அதன் மின்தடை 882 ஓம், மற்றதற்கு 529 ஓம். தொடரில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால் ஓம் அதிகமுள்ளதில் வாட் அதிகம். பக்க இணைப்பில் வோல்ட் ஒன்று, அங்கே 100 வாட் ஜெயிக்கும்.

ஓம் விதி எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வரும் எண், அந்த நொடியின் மின்தடை. அதை எதற்கும் கணக்கிடலாம். அந்த எண் வோல்ட் மாறினாலும் மாறாமல் இருக்கும் என்பதுதான் ஓம் விதி. அது உலோகக் கம்பிக்கு, அதுவும் வெப்பநிலை மாறாதபோது, பொருந்தும். எல்.ஈ.டி., டயோடு, சார்ஜர் இவற்றுக்குப் பொருந்தாது.

கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியார்க் சைமன் ஓம் இதைக் கண்டறிய முதலில் மின்கல அடுக்கைத்தான் பயன்படுத்தினார். அதன் மின்னழுத்தம் ஓட ஓடச் சரிந்துகொண்டே போனதால் அளவுகள் ஒத்துவரவில்லை. பிறகு பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டைக்கு, அதாவது இரு இணைப்புகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்புக்கு, மாறினார். ஒரு இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். மின்னழுத்தம் அசையாமல் நின்றது. 1827-இல் விதியை நூலாக வெளியிட்டார். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது. அளக்கும்போது வோல்ட் ஆடாமல் இருக்க வேண்டும் என்ற அவருடைய கவலை இன்றைக்கும் நமக்குப் பொருந்தும்: வோல்ட்டைக் காலையிலும் ஆம்பியரை மாலையிலும் எடுத்து வகுக்காதீர்கள்.

வாட்டிலிருந்து யூனிட்?

1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரத்தில் அரை யூனிட் எடுக்கும். தெர்மோஸ்டாட் உள்ள பொருள் இடையிடையே தானே அணைந்துகொள்ளும், எனவே ஓடிய நேரத்தை மட்டும் எண்ண வேண்டும்.

ஷாக் அடிப்பதையும் இப்படிக் கணக்கிடலாமா?

கணக்கிடலாம், விடை பயமுறுத்தும். ஈரமான உடலின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று கொள்வார்கள். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிரைக் காக்க வீட்டில் போடும், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சான ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.23 ஆம்பியர் கண்ணுக்கே தெரியாது, அது உங்களைக் காப்பாற்றாது. வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, பயமில்லை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் ஏன் அவ்வளவு தடித்த கேபிள்?

வாட் ஒன்றுதான், வோல்ட் குறைவு, அதனால் ஆம்பியர் அதிகம். 600 வாட் லோடுக்கு 230 வோல்ட் பக்கம் 2.6 ஆம்பியர் போதும். 12 வோல்ட் பேட்டரிப் பக்கம் 50 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 60-ஐத் தொடும். பேட்டரிக் கேபிளிலும் டெர்மினலிலும் சேர்த்து வெறும் 0.01 ஓம் இருந்தாலே 60 × 60 × 0.01 = 36 வாட் வீணாகும். அதே 0.01 ஓம் 230 வோல்ட் பக்கம் இருந்தால் 0.07 வாட்.

மின்சாரத்தைத் தொலைதூரம் அனுப்பும்போது வோல்ட்டை ஏற்றுவதும் இதற்காகத்தான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் கரூர் மாவட்டப் புகளூர் வரும் நேர்திசை மின்பாதை ஒரு கம்பியில் கூட்டல் 800 கிலோவோல்ட், இன்னொன்றில் கழித்தல் 800 கிலோவோல்ட் கொண்டது. 6000 மெகாவாட்டை அனுப்பக்கூடியது. 600 கோடி வாட்டை 16 லட்சம் வோல்ட்டால் வகுத்தால் 3750 ஆம்பியர். அதையே 230 வோல்ட்டில் அனுப்புவதென்றால் 2 கோடியே 60 லட்சம் ஆம்பியர் ஓட வேண்டும். அதைத் தாங்கும் கம்பி கிடையாது.

வீட்டில் லோடு 1000 வாட்டைத் தாண்டும் என்றால் இரண்டு பேட்டரி வைத்த 24 வோல்ட் இன்வெர்ட்டராகப் பாருங்கள். ஆம்பியர் பாதியாகும், கேபிளில் போகும் வெப்பம் கால்பங்காகும். எந்த வோல்ட்டாக இருந்தாலும் டெர்மினலில் பச்சை, வெள்ளைப் பூப்பு படியவிடாமல் துடைத்து, நட்டை இறுக்கி, வாஸ்லின் தடவி வையுங்கள்.